கண்ணின் சாவி யார் கையில்?



எழுபது கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறோம், நம்மிடம் திருட யார் ஏறி வரப்போகிறார் என்றிருந்த காலம் போய்விட்டது. மிளகு காயும் களத்தில், கடை வாசலில், கோவில் உண்டியலுக்கு மேலே, ஏன், சில வீட்டுத் திண்ணைகளிலும் இன்று காமிரா தொங்குகிறது. இதைக் குறைகூற நாம் வரவில்லை. ஆண்டெல்லாம் பாடுபட்டுப் பறித்த மிளகைக் காக்க ஒருவன் காமிரா வைத்தால் அது அவன் உரிமை. ஆனால் காமிராவை மாட்டிய அன்றே ஒரு கேள்வியும் பிறக்கிறது. நம்மில் அநேகர் அதைக் கேட்பதேயில்லை. காமிரா காண்பதை யார் யார் காணலாம்?

காமிரா வெறும் கண். அது கண்டதையெல்லாம் சேர்த்து வைப்பது ரெக்கார்டர் பெட்டி. அந்தப் பெட்டிக்குத் தலைமைச் சாவி ஒன்று உண்டு. அதற்கு அட்மின் பாஸ்வேர்டு என்று பெயர். அதை வைத்திருப்பவர் நடப்பதைப் பார்க்கலாம், நேற்று நடந்ததைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம், படி எடுத்துக்கொண்டு போகலாம், அழித்தும் விடலாம். பிறருக்குச் சிறு சாவிகள் கொடுக்கிறவரும் அவரே. இன்னார் களத்துக் காமிராவை மட்டும் பார்க்கலாம், பழைய பதிவைத் தொடக்கூடாது என்று பிரித்து அமைக்கப் பெரும்பாலான பெட்டிகளில் வசதி இருக்கிறது. யார் எப்பொழுது உள்ளே நுழைந்தார் என்ற குறிப்பும் பதிவாகிறது. நம் பக்கத்தில் நடப்பதென்ன? கீழிருந்து வருகிற பையன் காமிராவை மாட்டுகிறான். பாஸ்வேர்டையும் அவனே போடுகிறான். தன் செல்போனிலும் சேர்த்துக்கொண்டு, "கோளாறு வந்தால் அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான். நாமும் நல்லதாயிற்று என்று காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறோம். வீடு கட்டி முடிந்தபின் சாவியைக் கொத்தனாரிடமே விட்டு வைப்பதுண்டா?

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குள் எடுத்த படங்கள் இணையத்தில் விலைக்கு வந்தன. மருத்துவரை நம்பிப் பரிசோதனைக்கு வந்த பெண்களின் படங்கள் அவை. விசாரித்தபோது, பெட்டியோடு வந்த எளிய பாஸ்வேர்டு மாற்றப்படாமலே இருந்தது தெரிந்தது. நம் மலையின் கொல்லிப்பாவை வருகிறவரைப் பார்த்துச் சிரித்தே கொல்லும் என்பது பழங்கதை. அதுகூடத் தான் பார்த்ததைப் படி எடுத்து விற்றதாகக் கதை இல்லை.

"ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்பவர் உண்டு. அவர்கள் தானியேல் ஆகமத்தில் சூசன்னாவின் வரலாற்றை மறுபடி வாசிக்கட்டும். அவளிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. தன் கணவனின் தோட்டத்தில்தான் இருந்தாள். மறைந்திருந்து பார்த்த இரு மூப்பரும் சுவரேறிக் குதித்த கள்வரல்லர். அந்த ஆண்டுக்கு நீதி சொல்ல நியமிக்கப்பட்டவர்கள், அவ்வீட்டுக்குள் போகவர அனுமதி பெற்றவர்கள். வழக்கு விசாரிக்கக் கிடைத்த அனுமதியை வேறொன்றுக்குப் பயன்படுத்தினார்கள், அவ்வளவே. பிறகு ஊரார் யாரை நம்பினார்கள்? பார்த்தோம் என்றவர்களைத்தான் நம்பினார்கள். தானியேல் என்ற இளைஞன் அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் என்று கேட்ட பிறகன்றோ பொய் வெளிப்பட்டது!

பார்க்கும் அதிகாரம் இப்படிக் கெடுகிறதென்றால், அழிக்கும் அதிகாரம் இன்னும் கொடியது. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களில் இறந்ததை நாடே அறியும். அந்த நிலையத்திலும் காமிரா இருந்தது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவர் போய்ப் பார்த்தபோது, பெட்டியில் 1 டெராபைட் இடம் இருந்தும், ஒவ்வொரு நாளின் பதிவும் தானாக அழிந்துபோகும்படி அமைத்திருந்ததைக் கண்டார். வேண்டிய நாளின் பதிவு கிடைக்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. சாவியோ, அந்தக் கண் யாரைப் பார்க்க வேண்டுமோ அவர்கள் கையிலேயே இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் காமிரா வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும், மாநிலத்திலும் மாவட்டத்திலும் மேற்பார்வைக் குழுக்கள் வேண்டும் என்று கட்டளையிட்டது. காமிராவோடு நிறுத்தாமல் குழுவும் கேட்டார்களே, அதுதான் கவனிக்கத் தக்கது.

நமக்கு இது புதிதா? உண்டியலை எண்ண ஒருவரைத் தனியே விடுவதில்லை. அவரைச் சந்தேகிப்பதால் அல்ல; அவருடைய நல்ல பெயரைக் காப்பதற்காகத்தான். உண்டியலைப் பார்க்கும் காமிராவுக்கும் அதே முறை பொருந்தும். பாஸ்வேர்டை இருவர் அறிந்திருக்கட்டும். பதிவைத் திருப்பிப் பார்க்க நேர்ந்தால் இன்ன நாளில், இன்ன காரணத்துக்காக என்று ஒரு நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திடட்டும். பூசைக்கு வந்த பெண்பிள்ளைகளைப் பொழுதுபோக்காகப் பார்ப்பதற்கு அந்த நோட்டில் என்ன காரணம் எழுத முடியும்?

வீட்டு விஷயம் இன்னும் நுட்பமானது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், மலையில் தனியாயிருக்கும் தாயைச் செல்போனில் பார்த்துக்கொள்கிறான். அன்புதான், சந்தேகமில்லை. விழுந்து கிடந்தால் தெரியுமே என்ற கவலை. ஆனால் அதே படத்தை அண்ணனுக்கும், மைத்துனனுக்கும், பக்கத்து அறை நண்பனுக்கும் பகிர்ந்து வைத்திருப்பது அம்மாவுக்குத் தெரியுமா? யார் வந்தார், யாரோடு பேசினாள், யாருக்குச் சோறு போட்டாள் என்பதெல்லாம் ஊர் தாண்டிப் போகிறது. ஒரே வீட்டில் வாழ்ந்த சகோதரரில் ஒருவர், மற்றவர் சம்மதமின்றி உள்ளே காமிரா வைத்தது தவறென்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தீர்த்தது. அதில் தலையிட உச்சநீதிமன்றம் மே மாதத்தில் மறுத்துவிட்டது. உடன்பிறந்தானுக்கு உள்ள மரியாதை பெற்றவளுக்கு இல்லையா?

அடுத்த முறை மலையேறி வரும்போது அந்த மகன் செல்போனைத் தாயின் கையில் கொடுத்து, "அம்மா, உன்னைப் பார்க்கிறவர்கள் இத்தனை பேர்" என்று ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டட்டும். அவள் வேண்டாம் என்கிற பெயரை அங்கேயே எடுத்துவிடட்டும். "திண்ணையில் இருப்பது இருக்கட்டும், அடுப்படியில் இருப்பதைக் கழற்று" என்று அவள் சொன்னால், ஏணி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதுதான்.