நன்மையின் நிழலில் ஒரு பறவை

நன்மையா தீமையா என்று கேள்வி எழும்போது, செல்ல வேண்டிய வழி எதுவென்பதை மனச்சான்று பெரும்பாலும் அறிந்தே இருக்கிறது. அவ்வழியில் நடப்பதுதான் கடினம். ஆனால், இரண்டு நன்மைகள் ஒன்றோடொன்று மோதும்போது மனிதர் உண்மையாகவே தடுமாறுகின்றனர். பெரிய நன்மையின் பெயரால் சிறிய நன்மையை மிதித்துக் கடந்து செல்வது அப்போது எளிதாகிவிடுகிறது; மிதித்தோம் என்ற உணர்வுகூட நம்மிடம் எழுவதில்லை. அத்தகைய மோதல் ஒன்று இன்று நம் நாட்டின் மேற்கு எல்லையில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் நிற்பது கதிரவனின் ஒளி. மறுபக்கம் நிற்பது ஒரு பறவை.

ராஜஸ்தானத்தின் தார் பாலைவனம் ஆண்டின் பெரும்பகுதி முகிலற்ற வானம் கொண்டது. ஆகவே, சூரிய மின்னாற்றலுக்கு அதைவிட ஏற்ற நிலம் நம் நாட்டில் அரிது. அங்குள்ள பத்லா சூரியப் பூங்கா ஏறத்தாழ 14,000 ஏக்கரில் பரந்து, 2,245 மெகாவாட் திறனுடன் உலகின் மாபெரும் சூரிய மின் நிலையங்களுள் ஒன்றாகத் திகழ்கிறது. நிலக்கரியின் புகையால் வெப்பமேறிவரும் இவ்வுலகில் இது வரவேற்கத்தக்க முயற்சி என்பதில் ஐயமில்லை.

அதே பாலைநிலத்தின் புல்வெளிகளில்தான் கானமயில் வாழ்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள இப்பறவையின் ஆண், 15 கிலோ வரை எடை பெறக்கூடியது. பறக்கும் பறவைகளுள் மிகுந்த எடையுள்ளவற்றில் இதுவும் ஒன்று. தரையிலேயே முட்டையிடும், அதுவும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றே. 2011ஆம் ஆண்டு முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகப் பட்டியலிட்டுள்ளது. ஒரு காலத்தில் தமிழகம் உட்படப் பல மாநிலங்களின் வெட்டவெளிகளில் திரிந்த இப்பறவை, வேட்டையாலும் புல்வெளிகளின் அழிவாலும் சுருங்கிச் சுருங்கி, இறுதியில் தார் பாலைவனத்தைத் தன் கடைசிப் புகலிடமாகக் கொண்டுள்ளது.

அந்தப் புகலிடத்தின் குறுக்கேதான் இன்று மின்கம்பிகள் ஓடுகின்றன. கானமயிலின் கண்கள் தலையின் இருபக்கங்களிலும் அமைந்தவை. பக்கவாட்டில் வரும் பகையை அவை நன்கு காணும். ஆனால் நேர் எதிரே காணும் பரப்பு மிகக் குறுகியது. கம்பியைக் கண்டுகொண்ட பின்னும் அந்தக் கனத்த உடலைச் சட்டென்று திருப்ப இயலாது. 2017-18ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பில் தார் பகுதியில் ஏறத்தாழ 128 கானமயில்கள் இருப்பதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. மின்கம்பிகளில் மோதி ஆண்டுக்கு ஏறத்தாழ 18 பறவைகள் மடிகின்றன என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடே. ஏழில் ஒரு பங்கை ஆண்டுதோறும் இழக்கும் குடும்பம், ஆண்டுக்கு ஒரு முட்டையிட்டு அந்த இழப்பை ஈடுசெய்ய முடியுமா?

இவ்வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றிய எம்.கே. ரஞ்சித்சிங் அவர்களே மனுதாரர்களுள் முதல்வர். 2021 ஏப்ரலில் நீதிமன்றம், ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேல்நிலை மின்கம்பிகளுக்குக் கட்டுப்பாடு விதித்து, இயலுமிடங்களில் அவற்றை நிலத்தடியில் பதிக்கவும் ஆணையிட்டது. உயர் அழுத்தக் கம்பிகளை அவ்வளவு பரப்பில் புதைப்பது தொழில்நுட்பத்தில் கடினம், செலவோ மிகப் பெரிது, காலநிலைக் கடமைகளும் தடைப்படும் என்று அரசு வாதிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அவ்வாணையைத் தளர்த்தி, வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2025 டிசம்பரில் அக்குழுவின் பரிந்துரைகளை ஏற்று, ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டரும் குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டரும் முன்னுரிமைப் பாதுகாப்புப் பகுதிகளாக வரையறுக்கப்பட்டன.

சட்டம் எல்லை வகுத்துவிட்டது. ஆனால் மனச்சான்றின் கேள்வி அவ்வெல்லையோடு முடிந்துவிடுகிறதா?

எதிர்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடலாகாது. மின்விளக்கு எரியாத குடிசையில் படிக்கும் குழந்தைக்கு ஒளி வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்களும் காடுகளை விழுங்குகின்றன. வெப்பமேறும் உலகில் பறவைகளும் பிழைக்கமாட்டா. சில பறவைகளின் பொருட்டு உலகம் முழுவதற்கும் பயன்தரும் பணியை நிறுத்துவது அறமாகுமா? இவ்வாறு கேட்பவர்கள் கல்நெஞ்சர் அல்லர். அவர்களும் உயிர்களின்பால் அன்புடையவர்களே.

இதற்கு விடை தேட, திருச்சபையின் ஒழுக்கவியல் மரபில் வளர்ந்த இருவிளைவு நெறி நமக்குக் கைகொடுக்கிறது. ஒரே செயலிலிருந்து நல்விளைவும் தீவிளைவும் பிறக்குமானால், நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது அந்நெறி. செயல் தன்னளவில் நல்லதா? தீவிளைவை நாம் நாடவில்லையா? தீமையின் வழியாகத்தான் நன்மையை அடைகிறோமா? தீமையைப் பொறுத்துக்கொள்ளப் போதிய காரணம் உண்டா? கதிரவனின் ஒளியை அறுவடை செய்வது நல்லதே. பறவை சாக வேண்டுமென்று எவரும் எண்ணவில்லை. பறவையின் சாவிலிருந்து மின்சாரம் பிறப்பதுமில்லை. எனவே, முதல் மூன்று தேர்வுகளிலும் சூரிய மின்திட்டம் தேறிவிடுகிறது. நான்காவதில்தான் சிக்கல்.

இந்நெறிக்கு மூலம் என அறிஞர் கருதும் பகுதியில், தற்காப்பைப் பற்றி ஆராயும் அக்குவினா தோமையார் ஒரு நுட்பமான கருத்தைச் சேர்க்கிறார். தன்னைக் காத்துக்கொள்பவன் தேவைக்கு மிஞ்சிய வன்மையைக் கையாண்டால், அவனுடைய நல்ல நோக்கமே அவனைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடாது என்கிறார். இதன் உட்பொருள் என்ன? தீவிளைவை நாம் விரும்பவில்லை என்று சொல்வது போதாது. அதனைக் குறைக்க இயன்றதனைத்தையும் செய்தோமா என்பதே அச்சொல்லின் வாய்மைக்குச் சான்று. தவிர்த்திருக்கக்கூடிய தீமையைத் தவிர்க்காமல் விட்டவன், அதனை நான் நாடவில்லை என்று கூறுவது எவ்வளவு தூரம் பொருந்தும்?

பெருந்திட்டங்களின் பேச்சில் 'தவிர்க்க முடியாதது' என்ற சொல் அடிக்கடி ஒலிக்கிறது. அதனைச் சற்றே உரசிப் பார்த்தால், பல வேளைகளில் 'செலவு கூடும்' என்ற பொருளே அடியில் தெரிகிறது. பறவைகளின் கண்ணில் படும்படி கம்பிகளில் ஒளிரும் தகடுகளைத் தொங்கவிடலாம். பறவைகள் மிகுதியாகக் கடக்கும் இடங்களில் மட்டுமேனும் கம்பிகளைப் புதைக்கலாம், பாதையை மாற்றலாம். கூரைகள் உள்ளன, 2012இல் குஜராத்தில் நர்மதைக் கால்வாய் ஒன்றின் மேலேயே மின்தகடுகளைப் பரப்பிக் காட்டியுள்ளனர். தேர்வு ஒளிக்கும் பறவைக்கும் இடையிலானது என்று நம்மிடம் கூறப்படுகிறது. உண்மையில் அது பெரும்பாலும் இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும், இன்றைய இலாபத்துக்கும் சற்றுக் குறைந்த இலாபத்துக்கும் இடையிலானது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. ஓராண்டு தாமதமான மின் நிலையத்தை அடுத்த ஆண்டு கட்டி முடிக்கலாம். அழிந்த இனத்தை எந்த ஆண்டிலும் மீட்க இயலாது. ஜெய்சல்மேர் மாவட்டத்தின் சாம் என்னுமிடத்தில் 2019 முதல் கானமயில்களை வளர்த்துப் பெருக்கும் பணி நடைபெறுகிறது. 2024இல் செயற்கைக் கருவூட்டல் முறையில் குஞ்சு பொரித்ததும் மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், கூண்டில் வளரும் குஞ்சுக்கு ஒருநாள் கம்பியற்ற வானம் வேண்டுமல்லவா?

இத்தீமையின் வேர் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. நம் வருவாய்த்துறைப் பதிவேடுகள், பயிர் விளையாத நிலத்தைத் தரிசு என்று எழுதிவைக்கின்றன. தாரிலும் அவ்வாறே. ஆனால் அங்குள்ள மக்கள், தம் தெய்வங்களின் பெயரால் கோடரி படாமல் காத்துவரும் நிலங்களை 'ஓரண்' என்கின்றனர். நம் கோயிற்காடுகளைப் போன்றவை அவை. ஆடுமாடுகளும் ஒட்டகங்களும் அங்கே மேய்கின்றன. நம்மூர் வன்னி மரம் அங்கே கேஜ்ரி என்ற பெயரில் நிழல் தருகிறது. அம்மரங்களைத் தழுவி நின்று 1730இல் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர்துறந்தனர் என்பதை அப்பகுதி இன்றும் நினைவுகூர்கிறது. அத்தகைய நிலம் தரிசு என்று ஏட்டில் ஏறிவிட்டால், அதில் வாழ்வன எல்லாம் இல்லாதனவாகிவிடுகின்றன. 2024 டிசம்பரில் இவ்வகைத் தெய்வக்காடுகளை அளந்து, காடுகளாக அறிவிக்க உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசைப் பணித்தது. பெயர் திருந்தினால் பார்வையும் திருந்தும்.

பார்வையின் இக்குறையைத் திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார். திட்டங்களின் தாக்கத்தை ஆராய்வோர் மண்ணையும் நீரையும் காற்றையும் கருதும் அளவுக்கு, அழியும் உயிரினங்களைக் கருதுவதில்லை என்று வருந்தினார். புதுப்பிக்கத்தக்க ஆற்றலை விரைந்து வளர்க்கக் கேட்டதும் அதே மடல்தான். இரண்டையும் ஒரே மூச்சில் அவர் கேட்டார். நாம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட இயலாது. நம் நாட்டிலோ, சூரிய ஒளித்தகடு மின்திட்டங்களுக்கும் காற்றாலைகளுக்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி முன்னனுமதியே தேவையில்லை. தூயது என்று பெயர் பெற்றதாலேயே ஒன்று ஆய்வுக்கு அப்பாற்பட்டதாகிவிடுமா?

தார் பாலைவனம் நமக்குத் தொலைவு என்று நாம் அமைதி கொள்ளலாம். ஆனால் 2013 டிசம்பர் 31 அன்று தென்மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்போடு இணைக்கப்பட்டது. அன்றுமுதல் நாடு முழுவதற்கும் ஒரே மின்வலையே. நம் வீட்டு விளக்கின் ஒளியில் தாரின் வெயில் கலந்திருக்கக்கூடும். அவ்வாறாயின் அந்தக் கம்பியில் நம் பங்கும் உண்டு. கம்பியைப் பாதுகாப்பானதாக்கும் செலவை யாரேனும் ஏற்க வேண்டும். மின்கட்டணத்தில் அதற்கென ஒரு சிறு தொகை கூடினால் மனமுவந்து செலுத்துவோமா? அன்றேல், பறவையே தன் உயிரால் செலுத்தட்டும் என்று விட்டுவிடுவோமா? நீதிமன்றம் இக்கேள்வியை நம்மிடம் கேட்கவில்லை. எனினும் அது நம்முடையதே.

கானமயில் என்ற அழகிய பெயர் நம் மொழியில் இருக்கிறது. அப்பெயருக்குரிய பறவை நம் வெளிகளில் இல்லை. அது மறைந்த நாளில் யாரும் மணியடித்து அறிவிக்கவில்லை. அன்றும் மக்கள் ஏதோ ஒரு நல்ல காரியத்தில்தான் மும்முரமாக இருந்திருப்பர். ராஜஸ்தானத்துக் குழந்தைகளுக்கும் பெயர் மட்டுமே எஞ்சுமாறு நாம் செய்துவிடலாகாது.