ஊமைப் பிள்ளையின் தீர்ப்பு

காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் உற்சவத்துக்கு எழுந்தருளும் வேளையில், அவர் திருமுன்பே பிரபந்தம் சேவிக்க வந்த இரு கூட்டத்தார் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளியதையும், நாலாயிரம் ஓதிய நாவாலேயே வசைமொழி பேசியதையும், காவல்துறையினர் இடைபுகுந்து விலக்கியதையும் அண்மை ஆண்டுகளில் தமிழுலகம் கண்டு நாணியது. மணவாள மாமுனிகளைப் போற்றும் ‘ஸ்ரீசைலேச தயாபாத்ரம்’ என்னும் தனியனை முதலில் சொல்வதா, வேதாந்த தேசிகரைப் போற்றும் ‘ராமாநுஜ தயாபாத்ரம்’ என்னும் தனியனைச் சொல்வதா என்பதே பிணக்கு. இரு சாராருக்கும் தெய்வம் ஒன்று; ஓதும் பிரபந்தம் ஒன்று; உடையவராகிய ராமாநுஜரே இருவருக்கும் ஆசாரியர். வழக்கோ 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நீதிமன்றப் படிகளில் ஏறியும் இறங்கியும் களைத்திருக்கிறது. கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்ற வியாஜ்யம் சீமை வரைக்கும் போயிற்று என்று பரிகாசமாகச் சொல்வதுண்டு. யானையின் அபிப்பிராயத்தை எவரும் கேட்டதாகச் சொல்வதில்லை.

இதைக் கண்டு, நூல்கள் தெளிவாக இல்லாமையால்தான் மனிதர் பிணங்குகின்றனர் என்று முடிவு கட்டுவது எளிது; அம்முடிவு பிழையானது. மறைநூலாயினும் சட்டமாயினும் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த சான்றாயினும், அதற்குப் பொருள் கூற வருகிறவன், தனக்கே இழப்பை விளைவிக்கும் பொருள் அதிலிருந்து கிடைப்பினும் ஏற்பேன் என்ற சித்தத்தோடு வருகிறானா, அன்றித் தன் லாபத்தை முன்னரே நிச்சயித்துக்கொண்டு அதற்கொரு பிரமாணம் தேடி வருகிறானா என்பதே முதலில் கேட்கத்தக்க கேள்வி. முன்னவர் இருவர் பிணங்கினால் உலகுக்கு இரண்டு தரிசனங்கள் கிடைக்கும். பின்னவர் இருவர் பிணங்கினால் வழக்கறிஞர்களுக்கு வருமானம் கிடைக்கும்.

அவ்விரு கூட்டத்தாரைத் தென்கலை, வடகலை எனப் பிரித்த கலை பேதத்தின் மூலத்தையே பார்க்கலாம். கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில், சகல தர்மங்களையும் விட்டுத் தன்னைச் சரணடையுமாறு கண்ணன் பார்த்தனுக்கு உரைக்கும் சரம சுலோகத்தில், ‘விட்டு’ என்று பொருள்படும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது விதி, மற்ற உபாயங்களை விட்டொழித்தலும் சரணாகதிக்கு அங்கமே என்றனர் தென்கலைப் பெரியோர். அது அநுவாதம், அவ்வுபாயங்களைச் செய்யச் சக்தியற்று நிற்பவனின் நிலையை எடுத்துக் கூறுவதே என்றனர் வடகலைப் பெரியோர். தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி போலச் சீவன் சும்மா இருப்பதா, தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி போலத் தானும் சிறிது முயல்வதா என்று விரிந்த அந்த ஆராய்ச்சியைப் படிக்கும்போது, ஒரு சொல்லின்மேல் இத்தனை அன்பும் நுட்பமும் செலுத்திய மரபை எண்ணி நெஞ்சம் உருகும். ஆனால் கைகலப்பு அச்சொல்லின் பொருட்டு நேரவில்லை. கோயிலில் பிரபந்தம் ஓதும் பரம்பரை உரிமையாகிய அத்யாபக மிராசு யாருடையது, கோஷ்டியில் முன்னிற்பவர் யார் என்பவற்றின் பொருட்டே நேர்ந்தது. சித்தாந்தம் உரிமைப் பத்திரமாக மாறிய அன்றே வியாக்கியானம் செத்தது.

நம் முன்னோர் இந்நோயை அறியாதவரல்லர். இறையனார் களவியல் உரை வரலாறு கூறும் கதையில், 60 சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர் 49 பேரும் தனித்தனியே உரை வகுத்து, என்னுரையே மெய்யுரை என்று கலாம் விளைத்தபோது, நீதி சொல்ல அமர்த்தப்பட்டவன் பெரும்புலவன் அல்லன். உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைப் பிள்ளை. மருதன் இளநாகனார் உரைக்கு இடையிடையே கண்ணீர் வார்ந்த அப்பிள்ளை, நக்கீரர் உரைக்குப் பதந்தோறும் மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்பது கதை. வாய் பேசாதவனை நடுவனாக்கியது ஏன்? பேசத் தெரிந்தவனுக்குப் பட்சமும் தெரிந்திருக்கும் என்பது தவிர வேறு காரணம் புலப்படவில்லை. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்து, ஒருபாற் கோடாத துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கினார். கௌதமரின் நியாய சூத்திரம் உண்மையைத் தேடிப் பேசுவதை வாதம் என்றும், வெற்றியை நாடிப் பேசுவதை ஜல்பம் என்றும், தனக்கொரு கொள்கையின்றிப் பிறர் கொள்கையை உடைப்பதை விதண்டை என்றும் பிரித்துவைத்தது. மணிமேகலையோ வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரையும் அணுகி, அவரவர் கொள்கையை அவரவர் வாய்மொழியாகவே பொறுமையுடன் கேட்டாள். கேட்டு முடித்த பின்னரே தன் வழியைத் தெரிந்தாள்.

நடுவுநிலை பிறழ்ந்த வாசிப்பு உயிரையும் வாங்கும் என்பதற்கு வங்கத்து உடன்கட்டையே சாட்சி. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஈமச்சடங்கை ஒட்டிய ஒரு மந்திரம், சுமங்கலிகளை ‘அக்ரே’, அதாவது முதலில், இல்லத்துள் புகுமாறு அழைக்கிறது. அச்சொல் ‘அக்னே’ என்று, தீயைக் குறிப்பதாகத் திரிந்து, கைம்பெண்ணைச் சிதையில் ஏற்றுவதற்கு வேதப் பிரமாணமாகக் காட்டப்பட்டதை வடமொழி ஆராய்ச்சியாளரான வில்சனும் மாக்ஸ் முல்லரும் எடுத்துக் காட்டினர். ஓரெழுத்து மாறியது, வாயில் சிதையாயிற்று. அது ஏடெழுதுவோன் கைப்பிழையே என்று வாதிடுவாரும் உண்டு. ஆகட்டும்; அப்பிழையைத் திருத்த எவருக்கும் மனம் வராமற்போனது ஏன்? பிள்ளையில்லாத கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் உரிமை தந்தது வங்கத்தில் வழங்கிய தாயபாகம் என்னும் நீதிநூல். அவள் எரிந்தால் உரிமையும் எரிந்தது. 1829 டிசம்பர் 4-இல் பெண்டிங்கு பிரபு அவ்வழக்கத்தைத் தடைசெய்தபோது, மதத்தில் தலையீடு என்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை முறையிட்ட தர்ம சபையார் 1832-இல் தோற்றுத் திரும்பினர். அதே சாஸ்திரங்களைக் கற்று எதிர்த்தீர்ப்புக் கண்ட ராம்மோகன் ராய்க்கு அவ்வாசிப்பால் கிடைத்தது சொந்தச் சமூகத்தாரின் பகை.

எழுத்தையே பற்றிக்கொண்டு இரக்கத்தைக் கைவிடலாமோ, காலத்துக்கேற்பப் பொருளை விரித்துக்கொள்வது குற்றமோ என்று கேட்பர். நியாயமான கேள்வியே. மனச்சாட்சியில்லாத வாசிப்பும் கொடுமையில் முடியலாம். அவ்வளவும் ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

பௌதிகச் சான்றுகள் மட்டும் இத்தீங்குக்குத் தப்பின என்று எண்ணவேண்டா. வைகைக் கரையில் கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த கரித்துண்டு, அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் கரிமப் பகுப்பாய்வு செய்யப்பட்டு, கி.மு. 580-ஐ ஒட்டியது என்று முடிவு சொல்லப்பட்டது. தமிழகத் தொல்லியல் துறை அதை 2019-இல் வெளியிட்டது. மத்தியத் தொல்லியல் துறை தான் நடத்திய முதலிரு கட்ட அகழாய்வின் அறிக்கையை 2023-இல் பெற்று, 2025-இல், தொடக்கக் காலத்துக்கு இன்னும் ஆதாரம் வேண்டுமென்று திருப்பியனுப்பியது. உடனே நாடு இரண்டுபட்டது. கரிமத்தின் அரையாயுளை அறியாதவரும், மண்ணடுக்கு என்பதைக் கேள்வியுறாதவரும், அவரவர் அரசியல் வேண்டிய நூற்றாண்டை அவரவர் எடுத்துக்கொண்டனர். கரித்துண்டுக்குக் கட்சியில்லை. தமிழன் பழமையைக் குறைத்தே தீர்வது என்று வருகிறவன் குற்றவாளி என்றால், அதைக் கூட்டியே தீர்வது என்று வருகிறவனும் அக்குற்றத்தையே செய்கிறான். நாளை வேறொரு சோதனை அக்காலத்தை இருநூறு ஆண்டு பிந்தியதாகக் காட்டுமாயின் அதை முகங்கோணாமல் ஏற்கும் திடம் நமக்கு உண்டா என்று ஒவ்வொரு தமிழரும் தம் நெஞ்சைத் தனிமையில் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இனிச் சட்டம். நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றிச் சிறைப்பட்டவர் நீதிமன்றத்தில் முறையிடலாமா என்ற வினா உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நியாயாதிபதிகள் முன் வந்தது. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான அரசியலமைப்பின் 21-ஆம் விதி ஐவருக்கும் ஒன்றே. முறையிடலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் முன்னரே சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28-இல் நால்வர் அரசு வேண்டிய பொருளையே கண்டனர், எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும், உயிர்வாழும் உரிமை அந்த ஒரு விதி ஈந்த தானமன்று என்று மாறுபட்டு எழுதினார். அத்தீர்ப்பு தமக்குத் தலைமை நீதிபதிப் பதவியை இழக்கச் செய்யும் என்று முன்கூட்டியே தம் சகோதரியிடம் சொன்னதாக அவர் சுயசரிதை கூறுகிறது. அவ்வாறே 1977 ஜனவரியில் அவருக்கு இளையவரான பேக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி துறந்தார்.

2017 ஆகஸ்ட் 24-இல், ஒன்பது நியாயாதிபதிகள் அமர்ந்த ஆயம் அந்த நால்வரின் தீர்ப்பைப் பிழையென்று தள்ளி, கன்னா கண்ட பொருளே மெய்யென்றது. ஆயத்தின் முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட், 1976-இல் பெரும்பான்மையோடு நின்ற நால்வருள் ஒருவர் அவருடைய தந்தை.