கட்டைவிரல் வித்தை

வீடியோ விளையாட்டைப் பற்றி எழுத ஒரு கதாசிரியனுக்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அதுவும் சண்டை விளையாட்டு. திரையில் இரண்டு பொம்மைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அடி தாங்காமல் ஒன்று விழுகிறது. பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள். இதில் தத்துவத்துக்கு எங்கே இடம்? ஆனால் அந்த விளையாட்டைச் சுற்றி இன்று ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மகாபாரத காலத்திலிருந்து தீர்ப்பாகாமல் கிடக்கும் பழைய வழக்கின் புதிய வாய்தா என்றே அதை நான் கருதுகிறேன். பாடுபட்டுக் கற்றவனுக்கும் பாடுபடாமல் பெற்றவனுக்கும் ஒரே பலன் கிடைக்கலாமா என்பதுதான் அந்த வழக்கு.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலுள்ள காப்காம் என்ற கம்பெனி 1987-இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. சாதாரணக் குத்துக்கும் உதைக்கும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதைக் குழந்தையும் செய்துவிடும். ஆனால் உள்ளங்கையிலிருந்து தீப்பந்து எறிவது, விண்ணை நோக்கி எழும்பிக் குத்துவது, சுழன்று உதைப்பது என்று மூன்று சிறப்பு அடிகளை அதில் வைத்திருந்தார்கள். அவற்றை அடைய விரலுக்குப் பயிற்சி வேண்டும். தீப்பந்து எறிய வேண்டுமானால் திசையைக் கீழே அழுத்தி, அங்கிருந்து கீழ்முன் மூலைக்கு வந்து, முன்பக்கம் போய், அந்தக் கால் வட்டம் முடிகிற கணத்தில் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். எழும்பிக் குத்துவதற்கோ முன்னே, கீழே, கீழ்முன் மூலை என்று வேறு கணக்கு. திரையில் ஒரு விநாடிக்கு 60 சித்திரங்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒரு சில சித்திரங்கள் ஓடி முடிவதற்குள் இத்தனையும் நடந்தாக வேண்டும். ஒரு திசை பிசகினாலும் தீப்பந்து வராது. பொம்மை ஒரு வெறும் குத்தைக் காற்றில் விட்டுவிட்டு அசடு வழிய நிற்கும்.

1991-இல் வந்த இரண்டாவது விளையாட்டில் நம் நாட்டுக்காரர் ஒருவரையும் சேர்த்தார்கள். தால்சிம் என்று பெயர். கழுத்தில் மண்டையோட்டு மாலை. கையும் காலும் ரப்பர் போல் நீளும். வாயால் நெருப்பு ஊதுவார். நம் யோக சாஸ்திரத்துக்கு ஜப்பானில் இப்படியொரு உரை எழுதிவிட்டார்களே என்று சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. எப்படியானாலும் அந்த யோகியார் நெருப்பு ஊதவும் கட்டைவிரல் அதே கால் வட்டம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்படி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிற்று. 2023 ஜூனில் வந்த ஆறாவது விளையாட்டில் ஒரு புதிய ஏற்பாடு செய்தார்கள். பழைய முறையோடு புதிய முறை என்றும் ஒரு வழி. புதிய முறையில் சிறப்பு அடிக்கென்றே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் தீப்பந்து வந்துவிடும். ஆனால் அப்படி எளிதாக வரும் அடிக்கு வலு இருபது சதவீதம் குறைவு. புதிய முறையிலேயே இருந்துகொண்டு கட்டைவிரலால் பழைய வட்டத்தைப் போட்டு அடித்தாலோ முழு வலுவும் உண்டு. போட்டிகளிலும் இரண்டு முறைக்காரர்களும் சேர்ந்தே மோதலாம்.

இந்த ஏற்பாடு காலாப்பட்டில் எங்கள் வீட்டு அமைதியையும் குலைத்தது. எங்களோடு தங்கிப் படிக்கும் என் அக்கா மகன் இரண்டு மாதமாக விடுமுறை நாள் முழுவதும் அந்தக் கால் வட்டத்தைப் பழகியவன். கட்டைவிரலில் காய்ப்பே ஏறிவிட்டது. எதிர் வீட்டுப் பெண் பத்தாவது படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து, புதிய முறையை வைத்துக்கொண்டு அவனை மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்கடித்துவிட்டுப் போனாள்.

"மாமா, ரெண்டு மாசம் விரல் வலிக்க வலிக்கப் பழகியிருக்கேன். அவ ஒரே பட்டனை அழுத்தி ஜெயிச்சுட்டுப் போறா. இது நியாயமா?" என்று என்னிடம் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. இதைச் சிறு பிள்ளை விவகாரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் பலர் வாழ்நாள் முழுவதும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியைத்தான் அவன் வாய்விட்டுக் கேட்டான்.

அவன் பக்கத்து நியாயத்தை முதலில் பார்ப்போம். அந்தக் கடினம் வெறும் அலங்காரத்துக்காக வைத்ததன்று. இந்த விளையாட்டில் எதிரியின் அடியைத் தடுக்க வேண்டுமானால் திசையைப் பின்பக்கம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். எழும்பிக் குத்துகிறவன் முதலில் முன்பக்கம் அழுத்துகிறான். அதாவது அந்தக் கணத்தில் தன் காப்பைக் கைவிடுகிறான். அடிக்கத் துணிகிறவன் அடிபடவும் துணிய வேண்டும் என்ற தர்மம் அந்த விரலசைவுக்குள்ளேயே இருக்கிறது. ஒற்றைப் பொத்தான்காரனுக்கு இந்த ஆபத்து அவ்வளவு இல்லை. ஆகவே ஆபத்தில் குறைந்ததற்கு வலுவில் குறை என்று இருபது சதவீதம் பிடித்துக்கொண்டது சரியான வியாபாரக் கணக்கு. பையனுக்கு இதைச் சொன்னேன். கணக்கை ஒப்புக்கொண்டான், மனம் ஆறவில்லை. அவனுடைய வருத்தம் கணக்கில் இல்லை. 'நான் பட்ட பாடு வீண்தானா?' என்பதில் இருந்தது.

அந்தப் பாட்டினால் அவனுக்கு என்ன கிடைத்தது? முதல் வாரம் பத்துத் தடவைக்கு இரண்டு தடவை தீப்பந்து வந்தது. பிறகு ஆறு, ஏழு என்று ஏறியது. அதற்குள் இன்னொரு சங்கடம். எதிரி தாண்டிக் குதித்து மறுபக்கம் போய்விட்டால் முன் என்பது பின்னாகிவிடும். வலப்பக்கம் கற்ற வட்டத்தை இடப்பக்கம் புதிதாகக் கற்க வேண்டும். அதையும் கற்றான். ஒருநாள் பார்த்தேன். என்னோடு பள்ளிக்கூட வம்பு பேசிக்கொண்டே, விரலை நினைக்காமலே தீப்பந்து எறிந்துகொண்டிருந்தான். அறிவு தலையிலிருந்து இறங்கிக் கைக்குக் குடிவந்துவிட்டது.

கைக்குக் குடிவராத வித்தை என்ன ஆகும் என்பதற்குக் கர்ணன் சாட்சி. பரசுராமர் சாபத்தால், வேண்டிய நேரத்தில் அஸ்திர மந்திரம் அவனுக்கு மறந்துபோயிற்று. சாபம் ஏதும் இல்லாமலே நமக்கெல்லாம் அது நேர்கிறது; கச்சேரி மேடையிலும் பரீட்சை மண்டபத்திலும் நேர்கிறது. இடைவிடாத சாதகம் ஒன்றுதான் அதற்கு மாற்று. 2004-இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு போட்டியில் டைகோ உமெஹாரா என்ற ஜப்பானியர், தம் பொம்மைக்கு உயிர் ஒரு நூலில் ஊசலாடும் நிலையில், எதிரே ஆடிய ஜஸ்டின் வாங்கின் பொம்மை மின்னலாய் உதைத்த பதினைந்து உதைகளையும் ஒன்று விடாமல் தட்டித் தள்ளிவிட்டுத் திருப்பியடித்து வென்றார். ஒவ்வொரு உதைக்கும் அதன் கணத்தில் முன்பக்கம் தட்ட வேண்டும். ஒன்று தவறினாலும் ஆட்டம் முடிந்தது. அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் உமெஹாரா தோற்றுப்போனார். ஆனாலும் இன்றுவரை உலகம் பேசுவது அந்தச் சில விநாடிகளைத்தான். 2023-இல் சீனாவில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தப் பிரிவில் தங்கம் வென்றவர் கிம் குவான்-வூ என்ற கொரியர். வயது நாற்பத்து நான்கு. நம் நாட்டிலிருந்தும் இருவர் போயிருந்தார்கள், பதக்கம் வாய்க்கவில்லை. நாற்பதைத் தாண்டிய என் போன்றவர்களுக்கு அந்தக் கொரியரின் செய்தி பெரிய ஆறுதல். வேகம் வயதோடு குறையும். கைக்குள் குடியேறிய வித்தை அவ்வளவு லேசில் வீட்டைக் காலி செய்வதில்லை.

ஆக, பையன் பட்ட பாடு வீண் அன்று. எந்தப் பொத்தானும் அதைப் பிறருக்குக் கொடுக்க முடியாது. அவனிடமிருந்து பறிக்கவும் முடியாது. சரி, அந்தச் செல்வத்தைப் பெற்றவன், 'நான் பட்ட பாட்டை நீயும் பட்டால்தான் உள்ளே வரலாம்' என்று வாசலில் நின்று தடுக்கலாமா? இங்கேதான் நான் அவனோடு பிணங்கினேன்.

ஏகலைவன் கதையை நினைத்துப் பாருங்கள். வில்வித்தை அவனுக்குக் கடினமாக இருந்ததா? இல்லை. குரு இல்லாமலே, மண் பொம்மையை வைத்துக்கொண்டு எல்லாக் கடினத்தையும் தாண்டிவிட்டான். அதன் பிறகு வந்ததுதான் தட்சிணை; கேட்டதும் கட்டைவிரல். கடினம் வேறு, தடை வேறு. கடினம் வித்தைக்குள் இருப்பது; தடை வித்தைக்கு வெளியே மனிதர்கள் போடுவது. நாம் பல சமயம் தடையைப் போட்டுவிட்டு அதற்குக் கடினம் என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்தில் மைக்கேல் பெகம் என்று ஒருவர் இருந்தார். மூட்டுகள் இறுகி, தசை வளராத நிலையில் பிறந்தவர். கட்டைவிரலால் ஆட வேண்டிய இந்த விளையாட்டை முகத்தையும் வாயையும் கொண்டே ஆடினார். சுன்-லீ என்ற பெண் பாத்திரத்தை ஆடுவதில் பெயர் வாங்கினார். 2023-இல் காலமானார். ஏகலைவன் விரலைக் கொடுத்த பிறகும் ஆடியிருந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு அவர் உதாரணம். ஆனால் அவரைக் காட்டி, 'அவரே பழைய முறையில் ஆடினாரே, உனக்கு என்ன?' என்று மற்றொருவரைக் கேட்பது கொடுமை. அசாதாரணமான ஒருவரின் வைராக்கியத்தை எல்லாருக்கும் சட்டமாக்க முடியாது.

விரல் மட்டுமா? நேரமும் ஒரு சொத்துதான். என் சிறு வயதில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆடவிடும் கடைகள் இருந்தன. அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் பையன்கள். கையில் சில்லறையும், கேட்க ஆளில்லாத மாலைப்பொழுதும் உள்ளவர்கள். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு வீட்டு வேலையும் பாடமும் போக மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். அவளுக்கு ஒற்றைப் பொத்தான் சோம்பேறித்தனம் அல்ல, வாசல்.

மேலும் அவள் ஒன்றும் கற்காமல் வெல்லவில்லை. அவர்கள் ஆடியதை நான் கூட இருந்து பார்த்தேன். பையன் தன் விரலிலேயே கவனமாக இருந்தான். அவளோ அவனைக் கவனித்தாள். இரண்டு தீப்பந்து எறிந்தால் அடுத்து அவன் குதிப்பான் என்பதைக் கண்டுகொண்டாள். காத்திருந்து, குதித்த கணத்தில் எழும்பிக் குத்தினாள். பொத்தான் அவளுக்கு அடியைக் கொடுத்தது; எப்போது அடிப்பது என்பதை அவளேதான் கற்றாள்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் வயதான மீனவர் ஒருவரிடம் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன். துடுப்புப் போட்டுக் கட்டுமரத்தை அலை தாண்டிக் கொண்டுபோனவர் அவர். இன்று ஃபைபர் படகில் என்ஜின் தள்ளுகிறது. இளைஞர்கள் மேல் அவருக்கு வருத்தம் உண்டா என்று கேட்டேன். சிரித்தார். "என்ஜின் தள்ளும் தம்பி. எந்த அலையில ஏறணும்னு அது சொல்லுமா? அதுக்கு எங்கிட்டத்தானே வரணும்" என்றார். தோள் வலிமையின் வித்தை போனதற்காக அவர் அழவில்லை. அலையறிந்த வித்தை அவரிடம் இருந்தது. அதைக் கொடுக்க ஆளும் இருந்தது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எளிய வழி வந்தால் அரிய வழி மறந்துபோகும் என்ற அச்சம் பொய்யன்று. ஸ்டிக்கர் கோலம் ஒட்டிய வாசல்களில் புள்ளிக் கணக்கு மறந்துகொண்டுதான் வருகிறது. அதற்காக முழங்கால் வலிக்கும் பாட்டியிடமிருந்து ஸ்டிக்கரைப் பிடுங்குவது பரிகாரம் ஆகாது. கையால் போட்ட கோலத்தை நின்று பார்க்கத் தெரிந்த மனிதர்கள் தெருவில் இருக்க வேண்டும், அதுதான் பரிகாரம். அந்த வகையில் இருபது சதவீத ஏற்பாடு எனக்குப் பிடிக்கிறது. எளிய வழியைத் திறந்து வைத்துவிட்டு, அரிய வழிக்கு ஒரு மரியாதையும் செய்கிறது. உறுத்தலும் உண்டு. விரல் வளையாமல் பொத்தானை அழுத்துகிறவனுக்கும், பழக மனமில்லாமல் அழுத்துகிறவனுக்கும் ஒரே அபராதம் விழுகிறது. யந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எதிரே உட்கார்ந்து ஆடுகிற மனிதனுக்குத் தெரியலாம்.

பையனிடம் கடைசியாக நான் சொன்னது இவ்வளவுதான்: "உன் வித்தை உன்னிடம் இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை. அவள் பொத்தானைப் பார்த்துப் பொருமுவதை விட்டு, அவள் உன்னைப் பார்த்த மாதிரி நீ அவளைப் பார்த்து ஆடு. முடிந்தால் அந்தக் கால் வட்டத்தை அவளுக்குக் கற்றுக்கொடு."

முதல் இரண்டையும் அவன் உடனே ஒப்புக்கொண்டான். மூன்றாவதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றான். துரோணர்கூட அவ்வளவு யோசித்ததாகத் தெரியவில்லை.