உறுதிமொழிப் பக்கம்

தமிழ் ஆய்வேட்டில் எழுதுபவர் தன்னை 'நான்' என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை. எத்தனை இயல் எழுதினாலும் 'ஆய்வாளர் கருதுகிறார்', 'இவ்வியலில் ஆராயப்படுகிறது' என்றுதான் போகும். அப்படி ஒதுங்கியே இருந்தவர் நன்றியுரையிலும் உறுதிமொழியிலும் மட்டும் நேராக வந்து நிற்கிறார். இந்த ஆய்வேடு என் சொந்த முயற்சியில் உருவானது, இதற்கு முன் வேறு எந்தப் பட்டத்துக்கும் அளிக்கப்படவில்லை என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அடுத்த பக்கத்தில் நெறியாளரின் சான்றிதழ் அதையே வழிமொழியும்.

பெரியார் பல்கலைக்கழகத்தில் நான் பகுதிநேர ஆய்வாளர். அயோத்தியாப்பட்டணத்தில் வீடு, பகலில் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. பல்கலைக்கழகம் சேலத்துக்கு அந்தப் பக்கம் கருப்பூரில் இருக்கிறது. ஈடு முப்பத்தாறாயிரப்படியில் வரும் ஐதிகங்கள்தான் என் ஆய்வுப் பொருள். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு விளக்கம் சொல்லும்போது, முன்னோர் இதை எப்படிச் சொன்னார்கள், யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்று இடையிடையே வரும் நிகழ்ச்சிகள் அவை. படி என்பது முப்பத்திரண்டு எழுத்து. அந்தக் கணக்கில் முப்பத்தாறாயிரம் படி; படித்து முடிக்கவே ஓர் ஆயுள் வேண்டும்.

இந்த நூலைப் படித்தவளுக்கு உறுதிமொழிப் பக்கத்தில் கை தயங்குவதில் ஆச்சரியமில்லை. 'நான் செய்தேன்' என்ற எண்ணம், 'இது என்னுடையது' என்ற எண்ணம், 'பலன் எனக்கு' என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் விடு என்கிறது வைணவம். சாத்துவிகத் தியாகம் என்று அதற்குப் பெயர். பல்கலைக்கழகமோ நான் செய்தேன், என்னுடையது, பட்டம் எனக்கு என்று எழுதித் தரச் சொல்கிறது. இரண்டையும் ஒரே ஆள் உண்மையாகச் சொல்ல முடியுமா?

என் அம்மாவுக்கு இது கேள்வியே இல்லை. எங்கள் ஊர் கோதண்டராமர் கோயிலுக்குப் பல வருடமாகத் துளசி கட்டிக் கொடுக்கிறவர் அவர். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் பட்டாபிஷேகத்துக்குக் குறித்த வேளை இங்கேயே வந்துவிட்டதால், இராமன் இந்த ஊரில்தான் முடிசூடினான் என்பது தலபுராணம். "எல்லாம் ராமர் குடுத்தது கண்ணு. கையெழுத்துதானே, போட்டுட்டுப் போ" என்கிறார். அவர் சொல்லும்போது அந்த வார்த்தை சுத்தமாக இருக்கிறது. இதே வார்த்தையை வேறொருவரிடமும் கேட்டேன். பணம் வாங்கிக்கொண்டு ஆய்வேடு எழுதித் தருகிற ஆள் அவர். "அறிவு யாருக்கும் சொந்தமில்லை டீச்சர், எல்லாம் பகவான் எழுதறது. யார் கையால எழுதினா என்ன?" என்றார். அன்று முழுக்க மனது ஆறவில்லை. அம்மாவின் வாயில் பக்தியாக இருந்த ஒன்று இங்கே திருட்டுக்குத் திரையாக எப்படி மாறியது?

இதற்குப் பதில் ஈட்டைச் சுற்றியே கிடைத்தது. வைணவ ஆசிரியர்களின் வரலாறான குருபரம்பரை நூல்கள் சொல்லும் நிகழ்ச்சி இது. நஞ்சீயர் திருவாய்மொழிக்குத் தாம் எழுதிய ஒன்பதினாயிரப்படி உரையை நல்ல கையெழுத்தில் பெயர்த்து எழுதித் தரும்படி வரதராசர் என்ற மாணவரிடம் கொடுத்தார். அவர் ஓலைக்கட்டைத் தலையில் கட்டிக்கொண்டு காவிரியை நீந்திக் கடக்கும்போது வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆசிரியரிடம் கேட்டவற்றை நினைவில் கொண்டு முழுவதையும் எழுதினார் மாணவர். சில இடங்களில் தமக்குத் தோன்றிய நயங்களையும் சேர்த்தார். படித்துப் பார்த்த நஞ்சீயருக்கு வேறுபாடு உடனே தெரிந்தது. நடந்தது என்ன என்று கேட்டார். மாணவர் மறைக்காமல் சொன்னார். ஆசிரியர் அவரை அணைத்துக்கொண்டு 'நம்பிள்ளை' என்று பெயரிட்டார். அந்த உரை இன்றுவரை நஞ்சீயர் பெயரில்தான் வழங்குகிறது.

அந்த நம்பிள்ளை பிறகு திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் சொன்னார். பகலில் கேட்டதை இரவில் ஓலையில் எழுதி வைத்தார் வடக்குத் திருவீதிப் பிள்ளை. அதுதான் ஈடு. ஆசிரியர் பார்த்து வியந்தார். ஆனால் நம்மைக் கேளாமல் ஏன் எழுதினீர் என்றும் கேட்டார். மறந்துபோகாமல் இருக்க எனக்காக எழுதிக்கொண்டேன் என்று பிள்ளை ஓலைகளை அவரிடமே ஒப்படைத்துவிட்டார். பிறகு அது ஈயுண்ணி மாதவரிடம் போய், தலைமுறைகள் கடந்து மணவாள மாமுனிகளின் கைக்கு வந்தது. ஈடு யாருடையது? நம்பிள்ளையின் பேச்சு, இன்னொருவரின் எழுத்து, முன்னோரின் கருத்து. இன்றைய ஆய்வேட்டின் முகப்பில் இதற்கு ஒரே ஒரு பெயர் போடச் சொன்னால் எனக்கு வழி தெரியாது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளிலும் யாரும் 'என்னுடையது' என்று பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் 'அவருடையது' என்பதையும் யாரும் மறைக்கவில்லை. என் ஆய்வு முழுவதும் நான் கண்டது இதுதான். ஈட்டில் ஒரு பாசுரத்துக்கு இரண்டு பொருள் இருந்தால், இது ஆளவந்தார் நிர்வாகம் (அவர் கொண்ட பொருள்), இது எம்பெருமானாராகிய இராமானுசரின் நிர்வாகம் என்று பிரித்துச் சொல்வார்கள். பட்டர் சொன்னது பட்டர் பெயரிலேயே வரும். மாணவன் கேட்ட கேள்வி அவன் பெயரிலேயே பதிவாகியிருக்கும். தன் உரிமையை விட்டவர்கள் பிறர் உரிமையை இவ்வளவு கவனமாகக் காத்திருக்கிறார்கள். அறிவு யாருக்கும் சொந்தமில்லை என்பவர் முதலில் விட வேண்டியது தன் பங்கை. அடுத்தவர் பங்கை எடுத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிப்படி, பிற நூல்களோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். வேண்டிய விதிதான். ஆனால் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் தன்னிடம் இருப்பதோடுதான் ஒப்பிடும். கணினியில் ஏறாத பழைய உரைநூலிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்தாலும் அதற்குத் தெரியாது. விழுக்காடு குறைவாக வந்துவிட்டதால் மனச்சாட்சியின் வேலை முடிந்துவிடுவதில்லை.

இன்னொரு பக்கமும் என்னை இழுக்கிறது. என் பாட்டி கைநாட்டு. பத்திரமோ ரேஷன் கடையோ, எங்கேயும் கட்டைவிரல்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். 'என்னுடையது' என்று சொல்ல எதுவுமே இல்லாமல் போனவளின் பேத்தியைப் பார்த்து, எழுதியது உன்னுடையதல்ல என்று விட்டுவிடு என்றால், அதில் எங்கோ ஒரு அநியாயம் இருக்கிறது. தன்னிடம் இருப்பதைத்தானே தியாகம் செய்ய முடியும்? நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் அறிவைக் கொண்டு யோசி என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பெரியாரின் பெயரால் அமைந்த பல்கலைக்கழகம் இது. ஆழ்வார் உரையை ஆராய்ந்தவள் அவர் பெயருள்ள இடத்தில் அதைக் கொடுப்பதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. அந்தக் கையெழுத்தைப் பாட்டிக்காகவும் போட வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

இராமானுசர் இந்த இடத்தில் எனக்குப் பெரிய துணை. உயிர் உண்மையாகவே செயல்படுகிறது என்பது ஸ்ரீபாஷ்யத்தில் அவர் நிலைநாட்டும் கொள்கை. செய்பவன் உயிர் இல்லையென்றால் 'இதைச் செய், இதைச் செய்யாதே' என்று சாத்திரம் யாரைப் பார்த்துச் சொல்கிறது? ஆனால் செயல்படும் ஆற்றல் இறைவனிடமிருந்து வருகிறது. உயிர் எடுக்கும் முயற்சியைப் பார்த்து அவன் அனுமதி தருகிறான். இதற்கு அவர் சொல்லும் உவமை, இரண்டு பேருக்குப் பொதுவான சொத்து. பங்காளி சம்மதிக்காமல் ஒருவர் அதை மூன்றாமவருக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் சம்மதம் பெற்றுக் கொடுத்தவருடையதுதான் அந்தச் செயல். பலனும் அவரையே சேரும். எங்கள் பக்கம் கூட்டுப்பட்டா வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சித்தப்பா கையெழுத்துப் போட்டால்தான் நிலம் முழுசாகக் கைமாறும். அதற்காக, விற்றது நீயல்ல என்று அப்பாவைப் பார்த்து யாரும் சொன்னதில்லை.

ஆகவே 'என் சொந்த முயற்சி' என்பதில் பொய் இல்லை. முயற்சி என்னுடையது. அதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள். தியாகம் செய்யச் சொல்வது, இது என்னால் மட்டுமே ஆனது என்ற இறுமாப்பை. செய்தவள் நான் என்ற பொறுப்பை யாரும் விடச் சொல்லவில்லை.

பொறுப்பு என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. திருமாலை ஆண்டானிடம் திருவாய்மொழி கேட்டுக்கொண்டிருந்த இராமானுசர், இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ஆசிரியர் சொன்ன பொருளை ஏற்கவில்லை; வேறு பொருள் சொன்னார். என் ஆசிரியர் ஆளவந்தாரிடம் நான் இதைக் கேட்டதில்லை என்று ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். ஆளவந்தார் இப்படியும் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று, ஆளவந்தாரின் இன்னொரு மாணவரான திருக்கோட்டியூர் நம்பி வந்து சொன்ன பிறகுதான் பாடம் தொடர்ந்தது. என் மூன்றாம் இயலிலும் ஓரிடத்தில், ஓர் ஐதிகம் அந்தப் பாசுரத்தோடு ஏன் சேர்ந்தது என்பதற்கு மரபாகச் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. அங்கே 'ஆய்வாளர் கருதுகிறார்' என்றுதான் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் யாராவது எழுந்து ஏன் என்று கேட்டால், நம்பிள்ளையையோ நெறியாளரையோ இராமரையோ காட்டிவிட்டு நான் ஒதுங்க முடியாது.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு, பைண்டிங் கடையில் கொடுக்கப் போகிறேன். நன்றியுரைதான் இன்னும் முடியவில்லை. இரண்டு பக்கத்துக்குள் அடக்கச் சொல்கிறார் நெறியாளர். உரை சொன்னவர், கேட்டு எழுதியவர், ஓலையைக் காத்துக் கொடுத்தவர், அச்சில் போட்டவர், நூலகத்தில் எடுத்துத் தந்தவர், அம்மா, பாட்டி என்று பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஒரு பெயரையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.