சிறார் சினமும் இல்லற நியமங்களும்



ஆலய தரிசனம் முடித்து முன்மண்டபத்தில் அமரும் தாய்மார்கள் அண்மைக் காலமாக ஒரே குறையைப் பேசக் கேட்கிறோம். குழந்தைக்கு ஐந்து வயது கூட நிரம்பவில்லை. ஆயினும் எதைச் சொன்னாலும் எரிச்சல், எதை மறுத்தாலும் அழுகை, தம்பியை அடித்தல், உணவுத் தட்டைத் தள்ளிவிடுதல். நல்ல குடியில் பிறந்த பிள்ளைக்கு இத்தனை சினம் எங்கிருந்து வந்தது என்று வியக்கின்றனர். தந்தை வழிப் பாட்டனாரின் குணம் என்று சிலர் தீர்ப்பும் கூறிவிடுகின்றனர்.

நாம் கேட்பது வேறு. நேற்று அக்குழந்தை எப்பொழுது உண்டது? எப்பொழுது கண்ணயர்ந்தது? விடை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் பாக்கெட்டில் அடைத்த நொறுக்குத் தீனி, பின்னர் டியூஷன், இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியைக் காட்டி ஊட்டிய சோறு, தந்தை பணியிலிருந்து வந்தபின் சிறிது ஆட்டம், பதினொரு மணிக்கு உறக்கம், காலை ஆறு மணிக்கு, வேன் வந்துவிடும் என்று உலுக்கி எழுப்புதல். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள், மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் உறக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் வேண்டும் என்கின்றன. திரைமுன் அமர்வது 1 மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் கூறுகின்றன. ஏழு மணி நேரமே உறங்கிய குழந்தையிடம் நாம் பொறுமையை எதிர்பார்க்கிறோம்.

இதனை நம் சித்தாந்தத்தின் துணைகொண்டு நோக்குவோம். குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களும் மோகனீய கருமத்தின் உதயத்தால் எழுவன. அக்கருமம் உள்ளே இருப்பினும், பயன் தருவதற்குத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய நிமித்தங்களை நாடுகிறது. ஈரம் இன்றி விதை முளைப்பதில்லை. பசியும் களைப்பும் உறக்கமின்மையும் சினம் என்னும் விதைக்கு ஈரமாகின்றன. குழந்தையின் வினையைப் பெற்றோர் அறுத்துத் தர இயலாது. அது அவ்வுயிரே ஆற்ற வேண்டிய பணி. ஆனால் நிமித்தத்தை விலக்கித் தர இயலும். அதனைச் செய்யாமல் "கோபம் பாவம்" என்று மட்டும் உரைத்துக்கொண்டிருப்பது, நிலத்திற்கு நீரைப் பாய்ச்சிக்கொண்டே களை முளைக்கலாகாது என்று கட்டளையிடுவதாகும்.

நம் இல்லங்களுக்கு வழிவழியாக வந்த நியமங்களுள் அந்திக்கு முன் உண்ணுதல் தலையாயது. இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். இராப்போசனம் விலக்கியதன் நோக்கம் அஹிம்சை. விளக்கொளியை நாடி வந்து விழும் சிற்றுயிர்கள் மாளாதிருத்தற்கே அந்நியமம் வகுக்கப்பட்டது. அது உடல்நலத்திற்காகவே ஏற்பட்டது என்று மேடைகளில் சிலர் முழங்குவதை நாம் ஏற்பதற்கில்லை. அவ்வாறு கூறினால், நலம் தரும் வேறொரு வழி கிடைத்த நாளிலேயே நியமம் கைவிடப்படும். எனினும் அறத்தின் பொருட்டுச் செய்தது உடலுக்கும் உதவிற்று என்பது மெய். பகல் வெளிச்சத்தில் உண்ட குழந்தைக்குப் படுக்கைக்குச் செல்லுமுன் வயிறு இலேசாகிவிடுகிறது. உறக்கம் தடையின்றி வருகிறது. காலையில் அது அழாமல் எழுகிறது.

கார்த்திகை மாதத்தில் சென்னையில் மாலை 5.40 அளவில் ஞாயிறு மறைந்துவிடும், ஆடியில் 6.30-க்குப் பின்னும் வெளிச்சம் உண்டு. பள்ளியிலிருந்து குழந்தை நாலரை ஐந்து மணிக்கு வருகிறது. அந்நேரத்துப் பசி மெய்யான பசி. அதனை நொறுக்குத் தீனியால் அடைத்துவிட்டு இரவில் சோற்றுக்குப் போராடுவானேன்? அப்பொழுதே சோற்றைத் தந்துவிடலாம். தாய் தந்தை இருவரும் பணிக்குச் செல்லும் இல்லங்களில் இது கடினமே. ஆயினும் பாட்டியோ அத்தையோ வீட்டில் இருப்பின், பருப்புச் சோறும் ஒரு காயும் அவ்வேளைக்குப் போதும். டியூஷனை வேண்டுமானால் நிறுத்தலாம். ஐந்து வயதில் அதனால் ஒரு குறையும் நேராது.

பின்னர் குழந்தை பசிக்கிறது என்றால் என் செய்வது? எட்டு வயது நிரம்பாத பருவத்தில் விரதம் ஏற்கும் தகுதி இல்லை என்பது நம் ஆகம மரபு. குழந்தை இன்னும் விரதம் ஏற்கவில்லை, பழகுகிறது. ஆதலின் பாலருந்தத் தருவதில் தயங்க வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து. உபவாசம் இருக்கும்படி இளஞ்சிறாரைப் புகழ்ந்து தூண்டுவதும் தகாது. வளரும் உடலுக்கு வேளைதோறும் உணவு வேண்டும். நரகத்தின் வேதனைகளைச் சொல்லி அச்சுறுத்துவது அதனினும் தகாது. அச்சத்தால் உண்ட குழந்தை இரவில் விழித்து அழும். நியமத்தின் பெயரால் நாமே உறக்கத்தைக் கெடுத்தவராவோம்.

காரணத்தைச் சொல்லி விளக்கக் குழந்தைகளுக்கு ஏற்ற உவமையொன்று நம் நூல்களிலேயே இருக்கிறது. சினத்தின் நான்கு தரங்களைக் கல்லின்மேல் கோடு, மண்ணின்மேல் கோடு, மணலின்மேல் கோடு, நீரின்மேல் கோடு என நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் கோம்மடசாரத்தில் உவமித்தருளினார். சாத்திரத்தில் இவை கருமப் பிரிவுகள். அந்நுட்பம் பின்னர் கற்கத் தக்கது. இப்போதைக்குக் குழந்தையை வாசலுக்கு அழைத்துச் சென்று, விரலால் ஈர மண்ணில் ஒரு கோடும், மணலில் ஒரு கோடும், தொட்டி நீரில் ஒரு கோடும் இடச் செய்யுங்கள். நீரில் கோடு நிற்கவே நில்லாது. குழந்தைகள் இதனை மீண்டும் மீண்டும் செய்து பார்த்து நகைப்பர். "இன்று உன் கோபம் எதன்மேல் கோடு?" என்று பின்னொரு நாள் கேட்டால் விடை உடனே வரும். நன்றாக உறங்கிய நாளில் என்ன கோடு, உறங்காத நாளில் என்ன கோடு என்று கேட்டுப் பாருங்கள். உடலுக்கும் மனத்திற்கும் உள்ள தொடர்பைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். நாம் உரைத்து அறிவிப்பதினும் அது ஆழமாகப் பதியும்.

உணர்ச்சிகளுக்குப் பெயர் சூட்டும் பணியையும் நம் ஆசாரியர்கள் முன்னமே செய்துள்ளனர். நோகஷாயங்களின் வரிசையில் சிரிப்பு, விருப்பு, விருப்பின்மை, சோகம், அச்சம், அருவருப்பு ஆகியவை தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. குழந்தைக்கோ இவை யாவும் அழுகை என்னும் ஒரே வடிவில் வெளிப்படுகின்றன. "உனக்குக் கோபமா, பயமா, துக்கமா?" என்று பிரித்துக் கேட்டால் பாதி அழுகை அங்கேயே நின்றுவிடுவதைக் காணலாம். பள்ளியில் ஒருவன் பென்சிலைப் பிடுங்கியதற்கு வீட்டில் தம்பி அடிபடுகிறான் என்பதும் அப்பொழுதுதான் தெரியவரும்.

உறங்கப் போகுமுன் காயோத்சர்க்கம் பழக்கலாம். ஒன்பது முறை பஞ்ச நமஸ்கார மந்திரம், இருபத்தேழு மூச்சு என்பது அதன் அளவு. ஒரு மந்திரத்திற்கு மூன்று மூச்சு. பெரியோர் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்வர். குழந்தைக்கு அது ஆகாது. மூன்று மந்திரம், ஒன்பது மூச்சு போதும். மூச்சு மெல்ல இயங்கினால் நெஞ்சின் படபடப்பு தணிகிறது. கை கால்கள் தளர்கின்றன. மந்திரத்தை வேகமாக ஒப்பிக்கும் பிள்ளையைக் கெட்டிக்காரன் என்று மெச்சும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

அதன்பின் சிறு பிரதிக்கிரமணம். நாம் வழக்கமாகத் "இன்று என்ன தப்பு செய்தாய்?" என்றே தொடங்குகிறோம். இது காவல் நிலைய விசாரணை போலாகிவிடுகிறது; பிள்ளை மாயையைக் கற்றுக்கொள்கிறது, அதாவது பொய்யை. இன்று எது மகிழ்ச்சி தந்தது, யார் உன்னை நோகச் செய்தார் என்று முதலில் கேட்போம். தன் நோவு கேட்கப்பட்ட குழந்தை, பிறரை நோகச் செய்ததைத் தானே சொல்லும். தாயும் தன் பங்கிற்கு, "காலையில் உன்னை உரக்க அதட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்" என்று கூறலாம். க்ஷமாவணி நாளில் ஊரார் அனைவரிடமும் கைகூப்பும் நாம், நம் குழந்தையிடம் அதனைச் சொல்ல நாணுவது பொருந்தாது.

இவையெல்லாம் செய்தும் சில வாரங்களாகக் குழந்தை சிரிப்பை மறந்து, விளையாட்டை வெறுத்து, உணவையும் உறக்கத்தையும் இழந்து இருப்பின், நியமத்தைக் கடுமையாக்குதல் தீர்வாகாது. குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பள்ளியில் எவரேனும் துன்புறுத்துகின்றனரா என்றும் விசாரிக்க வேண்டும்.

வரும் கோடை விடுமுறையில் வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி வட்டாரத்து நம் சிற்றூர்களுக்குப் பேரக்குழந்தைகள் வருவர். அங்கே அந்திக்கு முன் அடுப்பு அணைகிறது; பிள்ளைகள் களத்தில் ஓடியாடிக் களைத்து எட்டரை மணிக்கே திண்ணையில் உறங்கிவிடுகின்றனர். தொடங்குவதற்கு ஏற்ற நாட்கள் அவை. நகரம் திரும்பியபின் அவ்வழக்கம் தொடருமா என்பது, இரவு எட்டரை மணிக்குப் பெற்றோர் தம் கைப்பேசிகளை எங்கே வைக்கின்றனர் என்பதைப் பொறுத்திருக்கும்.