மதிலுக்கு உள்ளே, மதிலுக்கு வெளியே

காலிக் கோட்டையை ஒரு நாள் முழுக்கக் கால்நடையாகவே பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மருதமுனையில் பிறந்த எனக்குக் கடல் புதிதல்ல. கடலுக்கு முன்னால் ஒரு மதில் நிற்பதுதான் புதிது.

காலையில் பழைய வாசலால் நுழைந்தேன். வெளிப்புறத்தில் ஆங்கிலேயரின் அரச இலச்சினை. உட்புறத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினையும் 1669 என்ற ஆண்டும். இப்னு பதூதா 1344இல் காலிக்கு வந்தபோது இந்த மதில் இல்லை. முதலில் போர்த்துக்கேயர் அரண் அமைத்தனர். 1640இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றிப் பின்னர் பெருப்பித்தனர். கல் சுமந்தவர்கள் அடிமைகளும் கட்டாய ஊழியம் செய்த குடிகளும்தான். இலச்சினை பொறித்த வாசலில் அவர்களது பெயர் இல்லை.

தெருத்தெருவாக நடந்தேன். ஒரு காலத்தில் கயிறு திரித்த இடம் இன்று லேன் பான் வீதி. பரம்பரை வீடுகள் பல கைமாறி விடுதிகளாகிவிட்டன. ஆயினும் வெளிச்சவீட்டுக்கு எதிரே, தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயமோ என்று மயங்கவைக்கும் வெள்ளைப் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. அங்கே ழுஹர் தொழுதேன்.

அஸருக்குப் பின் மதில் மேல் அமர்ந்திருந்தபோது, அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சு 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குத் திரும்பியது. "இந்த மதில் இல்லாட்டி நாங்க இன்டைக்கு இல்ல மகன். அல்லாஹ் ஒல்லாந்தன்ட கையால எங்களுக்கு இதக் கட்டித் தந்தீக்கி" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. பொய்யான வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. கோட்டைக்குள் பெரும்பாலானோர் அன்று தப்பினார்கள் என்பது உண்மை.

ஆனாலும் என் நெஞ்சு கொதித்தது. மதிலின் மறுபுறம் பஸ் நிலையம். ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். மதிலில் தடைப்பட்ட கடல் அங்கேதான் ஏறியது. அங்கு நின்றவர்களுக்கு யார் மதில் கட்டிக் கொடுத்தார்கள்? 'எங்களுக்கு' என்று அவர் சொன்ன அந்த ஒரு சொல்லில் அவர்கள் எங்கே?

இந்தக் கேள்வியை அவரிடம் கேட்க நான் வாயெடுக்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கில்லை என்பது நினைவுக்கு வந்ததே காரணம்.

அன்று எங்கள் ஊரிலும் கடல் வந்தது. எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே. தண்ணீர் வாசலோடு நின்றது. சாச்சியின் வீடு கடற்கரைப் பக்கம். வீடும் போனது, எட்டு வயது மகளும் போனாள். மூன்றாம் நாள் அகதிமுகாமில் சாச்சியைக் கண்டபோது, என்ன பேசுவது என்று தெரியாமல், "அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் எங்களக் காப்பாத்திட்டான் சாச்சி" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதில் இல்லை. அந்தப் பார்வையின் பொருள் காலி மதிலில்தான் எனக்கு விளங்கியது. என் வாக்கியத்தை இன்னொருவர் வாயால், வெளியே நின்றவனாகக் கேட்டபோது.

அப்படியானால் தப்பியவன் நன்றி சொல்லக்கூடாதா? சொல்லத்தான் வேண்டும். கிடைத்த நிஃமத்தை மறுப்பதும் ஒரு பொய்யே. சிக்கல் நன்றியில் இல்லை. அது காரணமாக மாறும் இடத்தில் இருக்கிறது. "அவன் என்னைக் காப்பாற்றினான்" என்பது ஸுஜூதில் சொல்லப்படும்போது ஷுக்ர். பறிகொடுத்தவள் முன்னால் சொல்லப்படும்போது, "உன்னைக் காப்பாற்றவில்லை" என்பதும் அதோடு சேர்ந்து அவள் காதில் விழுகிறது. அடுத்து, ஏன் காப்பாற்றவில்லை என்பதற்கும் யாராவது காரணம் கண்டுபிடித்துவிடுவார். கடற்கோளைப் பாவிகளுக்கான தண்டனை என்று விளக்கியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். தண்ணீர் தீண்டாத வீட்டிலிருந்துகொண்டு அப்படி விளக்குவது இலகு.

இந்த மதிலையே எடுத்துக்கொள்வோம். கட்டுவித்தவன் பீரங்கிக்குப் பயந்து கட்டுவித்தான். அலையை நினைத்தல்ல, நம்மை நினைத்தும் அல்ல. சுமந்தவன் சவுக்குக்குப் பயந்து சுமந்தான். உள்ளே இருந்தவர் எவரும் தம் நன்மையால் அதைச் சம்பாதிக்கவில்லை. எங்கள் வீடு வீதிக்கு மேற்கே அமைந்ததும் என் தக்வாவினால் அல்ல. சம்பாதிக்காத ஒன்றை வைத்துப் பிறரின் இழப்புக்கு விளக்கம் சொல்லும் உரிமை எவருக்கும் வராது. வருவது கடன் மட்டுமே. தப்பிய உயிர் ஓர் அமானிதம். முகம் தெரியாத கல் சுமந்தவனுக்கும் அதில் பங்குண்டு, வெளியே நின்று போனவர்களுக்கும் பங்குண்டு.

மஃரிபுக்குச் சற்று முன் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று வெளியே பார்த்தேன். கிரிக்கெட் மைதானம்; அப்பால் பஸ் நிலையத்தில் வீடு திரும்பும் சனக்கூட்டம்.

ஊர் திரும்பியதும் சாச்சியிடம் போனேன். "அன்டைக்கு முகாமில நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது சாச்சி" என்றேன். எதைச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. "எனக்கு அது மறக்கல்ல மகன்" என்றார். பிறகு தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதை அவரிடம் கேட்டு வாங்கும் உரிமையும் எனக்கில்லை.