சொறியும் பிள்ளையும் பழி சுமக்கும் தாயும்

சோளகக் காற்று தொடங்கிவிட்டால் வன்னியில் புழுதி வீட்டுக்குள்ளே வந்து குடியிருக்கும். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வரை, ஓமந்தையிலிருந்து செட்டிகுளம் வரை, வெயிலையும் வியர்வையையும் தாங்க மாட்டாமல் முதலில் அழுபவை ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களுள் சிலருக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கழுத்திலும் தோல் சிவந்து தடித்து, சொறியச் சொறிய நீர் கசியும். கிரந்தி என்கிறோம், கரப்பான் என்போரும் உண்டு, டாக்டர்மார் எக்சிமா என்று எழுதுவார்கள். பெயர் எதுவானாலும், பகலிலும் பார்க்க இரவிலேதான் அது பொல்லாதது.

பிள்ளை மரத்தால் விழுந்து கை முறிந்தால் அயலவர் இரங்குவார்கள். காய்ச்சல் என்றால் கசாயம் கொண்டு வருவார்கள். தோல் வருத்தம் மட்டும் அப்படியல்ல. அது எல்லோருடைய கண்ணிலும் படுவதால் எல்லோருடைய வாயிலும் விழுகிறது. ‘வயிற்றில் இருக்கும்போது நண்டும் இறாலும் தின்றாயா?’ ‘ஒழுங்காகக் குளிப்பாட்டுவதில்லையா?’ ‘நாவூறு கழித்தாயா?’ ‘மடுமாதாவுக்கு வைத்த நேர்த்தி ஏதும் பாக்கியோ?’ கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் பெரியம்மாவும் மாமியுந்தான். ஆனால் இரவு முழுதும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்த தாய்க்கு, இந்தக் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு குற்றப் பத்திரிகை. ஆகவே இதை மருந்துக் கடைக்கு மட்டும் உரிய விஷயமாக விட்டுவிட முடியாது. நோயின் காரணத்தைத் தேடுவதும் குற்றவாளியைத் தேடுவதும் ஒன்றா என்பதே கேள்வி.

இக்கேள்வி புதியதல்ல. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று ஆண்டவரிடமே கேட்டதை அருளப்பர் 9ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். இருவருமல்லர் என்பதே கிடைத்த விடை. அதற்கும் முந்தியவர் யோபு. உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை புண்ணோடு சாம்பலில் இருந்து, ஓட்டுத் துண்டால் தம்மைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க வந்த நண்பர் மூவரும் ஏழு நாள் வாய் திறவாமல் கூடவே இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். எட்டாம் நாள் விளக்கம் சொல்லத் தொடங்கிய பின்புதான் கெட்டார்கள். நீ ஏதோ செய்திருப்பாய், இல்லாவிட்டால் இது வராது என்பதே அவர்களுடைய நீண்ட பேச்சின் சாரம். நூலின் முடிவில் கடவுளின் கோபம் யோபு மேல் அல்ல, அவர்கள் மேல் விழுகிறது.

இனிக் காரணத்துக்கு வருவோம். நம் தோல் வயல் வரம்பு போன்றது. உள்ளே உள்ள ஈரத்தைக் காத்து, வெளியே உள்ளதை உள்ளே விடாமல் நிற்பது அதன் வேலை. வரம்பிலே நண்டு துளை போட்டால் என்ன ஆகும் என்று வன்னிக் கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. சில பிள்ளைகள் பிறக்கும்போதே இந்த வரம்பு இளகியதாய்ப் பிறக்கின்றன. தோலின் மேற்படையைக் கட்டும் ‘ஃபிலாக்ரின்’ என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறையுள்ளவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வருகிறது என்பதை ஸ்கொத்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்டார்கள். குடும்பத்தில் ஆஸ்துமாவோ தும்மல் வருத்தமோ இருந்தால் பிள்ளைக்குக் கிரந்தி வரும் வாய்ப்பும் அதிகம். தோல் காய்ந்தால் கடி, கடித்தால் சொறி, சொறிந்தால் வரம்பு மேலும் உடைவு. தாய் தின்ற நண்டுக்கு இங்கே வேலையில்லை. (வரம்பிலே துளை போடும் நண்டு வேறு, கறிச்சட்டி நண்டு வேறு!)

சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்ததை நினைத்துப் பாருங்கள். ஒன்று சாவான பாவமாவதற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும் என்று ஒப்புவித்தோமல்லவா? மரபணுவை அறிந்த தாய் யார்? அதற்குச் சம்மதம் கொடுத்த தகப்பன் யார்? திருச்சபை ஒரு பாவியின் மேல் கூட இலேசாகச் சுமத்தாத பழியை நாம் ஒரு தாயின் மேல் வாசற்படியில் நின்றபடியே சுமத்திவிடுகிறோம்.

அப்படியானால் பெற்றோருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. நோய் வந்ததற்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர்; அறிந்த நாளிலிருந்து செய்யக்கூடியதைச் செய்வதற்குப் பொறுப்பாளிகள். செய்யக்கூடியதோ ஏழை வீட்டிலும் செய்யக்கூடியதுதான். கொதிக்கக் கொதிக்க அல்லாமல், தொட்டால் இதமான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடத்துள் குளிப்பாட்டு. சவர்க்காரத்தைக் குறை, தேங்காய்ப் பொச்சால் தேய்க்காதே. துவாயால் ஒற்றி, ஈரம் காயுமுன் உடம்பு முழுவதும் பசையுள்ள கிறீமைப் பூசு. வசதியில்லாவிட்டால் சுத்தமான தேங்காயெண்ணெயும் கைகொடுக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்றில் (2014) அது கனிய எண்ணெயை விட நன்றாக வேலை செய்தது. நகத்தை வெட்டு, பருத்திச் சட்டை போடு. கேத்திலில் வெள்ளைப் படிவு பிடிக்கும் கிணற்றுத் தண்ணீரே காரணமென்று சிலர் மனம் உடைகிறார்கள். இங்கிலாந்தில் 336 பிள்ளைகளைக் கொண்டு செய்த சோதனையில் (2011), தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் பூட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மற்றவர்களிலும் பார்க்க நோய் அதிகம் குறையவில்லை. கிணறு மாற்ற வழியில்லாதவர்கள் அதை நினைத்து வருந்த வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் சிவப்பு ஏறும்போது டாக்டர் ஒரு பூச்சு மருந்து எழுதுவார். இங்கேதான் பெரிய தடுமாற்றம். ‘ஸ்டெரொயிட்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் பாதியில் நிறுத்திவிடுகிறோம். 1952ல் அமெரிக்காவில் சல்ஸ்பேர்கரும் விற்றனும் ஹைட்ரோகோட்டிசோனைத் தோலில் பூசிப் பயன் கண்டதற்கு முன், இப்பிள்ளைகளுக்குக் கிடைத்தவை தார்க் களிம்பும், சொறியாதபடி கையைக் கட்டி வைப்பதுமே. மென்மையான வகையை, சொன்ன இடத்தில், சொன்ன நாளுக்குப் பூசுவது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தீங்கல்ல. பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதற் கோடு வரை பிதுக்கிய மருந்து, இரு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும். மறுபக்கத்தில், அயல் வீட்டுக்கு எழுதிய கடும் மருந்தைக் கடன் வாங்கிப் பிள்ளையின் முகத்தில் மாதக்கணக்காகப் பூசுவதும் நடக்கிறது. பயமும் துணிச்சலும் இங்கே ஒரே அறியாமையின் இரு பிள்ளைகள்.

நல்ல பக்தியுள்ளவர்கள் சிலரிடம் வேறொரு எண்ணமும் உண்டு: ‘ஆண்டவர் அனுப்பிய சிலுவை, சுமக்கட்டும், உயிருக்கு ஒன்றுமில்லையே.’ இது பக்தியாகத் தோன்றினாலும் தவறான கணக்கு. 12ம் பத்திநாதர் 1957 பெப்ரவரி 24ல் மயக்க மருந்து வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், வேதனையைத் தணிக்கும் மருந்தை ஏற்பது கிறிஸ்தவனுக்குத் தகும் என்று தெளிவாக்கினார். துன்பத்தின் அர்த்தத்தை விரித்து 1984ல் திருமுகம் எழுதிய இரண்டாம் அருள் சின்னப்பரும், துன்பப்படுவோரைக் கண்டு நின்று உதவிய நல்ல சமாரியனை அதிலே எடுத்துக்காட்டத் தவறவில்லை. ஒருவன் தன் துன்பத்தைத் தானே விரும்பி ஒப்புக்கொடுக்கலாம், அது உயர்ந்தது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒப்புக்கொடுக்கும் விருப்பம் இன்னும் முளைக்கவில்லை. அதன் துன்பத்தை நாம் எடுத்து ஒப்புக்கொடுக்க நமக்கென்ன உரிமை? உயிருக்கு ஒன்றுமில்லை என்பது நம்முடைய அளவுகோல். தூக்கமில்லாத பிள்ளைக்கு அந்த இரவுக்கு வெளியே வேறு உலகமில்லை.

சொறிகிறதே என்று கையிலே அடிப்பதையும் இங்கே சொல்லவேண்டும். கடிக்கும்போது சொறிவது இச்சையால் செய்வதல்ல. அடக்கு என்று சொன்னால் பெரியவர்களுக்கே முடியாது. குற்றமில்லாத இடத்தில் கொடுக்கும் தண்டனை அது.

சாப்பாட்டிலும் அவசரத் தீர்ப்புகள் உண்டு. முட்டையை நிறுத்து, மீனை நிறுத்து, பாலை நிறுத்து என்று ஒவ்வொன்றாய் நிறுத்திக் கடைசியில் பிள்ளை மெலிந்து போகும். ஒரு உணவு தின்ற சிறிது நேரத்தில் உதடு வீங்கினால், உடம்பு தடித்தால், சத்தியெடுத்தால் அந்த உணவை நிறுத்தி டாக்டரிடம் சொல்வது சரி. சந்தேகத்தின் பேரில் எல்லாவற்றையும் நிறுத்துவது சரியல்ல. கச்சான் பற்றி ஒரு வியப்பான செய்தி: கடும் எக்சிமா அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள கைக்குழந்தைகளிடம் லண்டனில் நடத்திய ஆய்வின்படி (2015), முதற் சோதனையில் கச்சான் ஒவ்வாமை காட்டாதவர்களுள், கச்சானே கொடுக்காமல் வளர்த்தவர்களில் நூற்றுக்கு 13.7 பேருக்கு ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை வந்திருந்தது. சிறு வயதிலேயே கொடுத்து வளர்த்தவர்களில் 1.9 பேருக்கே வந்தது. அதற்காக மடுத் திருவிழாக் கச்சானை நாளைக்கே பிள்ளையின் வாயில் போட்டுவிடாதீர்கள். முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும், கொடுக்கும் முறையை டாக்டரே சொல்லவேண்டும்.

மடு என்றவுடன் மண் நினைவுக்கு வருகிறது. அம்மண்ணை வீட்டில் பக்தியோடு வைத்திருப்பது நம் முன்னோர் வழக்கம்; அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. உடைந்து நீர் கசியும் தோலில் எந்த மண்ணையும் பூசக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தத் தோலில் கிருமி எளிதில் ஏறும். மஞ்சள் பொருக்குக் கட்டினால், சீழ் வைத்தால் வைத்தியசாலைக்குக் காட்டவேண்டும். காய்ச்சலோடு திடீரெனச் சிறு சிறு கொப்புளங்கள் நெருக்கமாக எழும்பினால் விடியும்வரை காத்திராமல் அன்றிரவே கொண்டுபோக வேண்டும். மாதாவிடம் மன்றாடுவதும் பஸ் ஏறுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பஸ் ஏறுவதென்பது உட்கிராமத்தில் ஒரு முழு நாள் வேலை. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ கிளினிக்குக்குப் போய்வரும் நாளில் கூலி போய்விடும். மற்றப் பிள்ளைகள் பள்ளியால் வந்து பசியோடு நிற்கும். அந்த வீட்டுக்கு ‘என்ன தின்றாய்’ என்று கேட்கப் போகும் பெரியம்மா, அன்றைக்கு ஒரு சட்டி சோறு கொண்டுபோகலாம். தகப்பன்மாருக்கும் ஒரு சொல். மருந்துக் குழாயை வாங்கிக் கொடுத்தேன், என் கடமை முடிந்தது என்று பாயை விரிப்பது நியாயமல்ல. ஓர் இரவு தாய் பிடித்த கையை மறு இரவு தகப்பன் பிடிக்கலாம். பல பிள்ளைகளுக்கு வளர வளர இந்நோய் தணிந்துவிடும். அதுவரை எத்தனை இரவு என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. பாதியைத் தகப்பன் விழித்திருக்கலாம்.